பன்னிரண்டு நாள் சீனித்தண்ணி

அந்தப் பூச்சட்டியைக் கவிழ்க்காதேங்கோ சேர், அதுக்குள்ள ஒண்டும் இல்லை. காலமையே பாத்திட்டன். மேல தண்ணித்தாங்கியும் மூடித்தான் கிடக்கு. மேல்வீட்டு ரபீக்கான்ர மகள் ஆதிபாவுக்கு டெங்கு எண்டவுடன சுகாதாரப் பகுதியால வந்திட்டியள், நல்லது. ஆனா இஞ்ச தண்ணியைத் தேடிப் பிரயோசனம் இல்லை. கொஞ்சம் இருங்கோவன்.

நானோ? நாகேந்திரம். பத்தொன்பது வருசமா ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில நுளம்பு வளக்கிறன். ஓம், வளக்கிறதுதான். ஏன் சிரிக்கிறியள்? ஆராவது வளத்தாத்தானே சேர் அதைப் பற்றிப் படிக்கலாம்!

சனம் நினைக்குது, நுளம்புக்குச் சாப்பாடு இரத்தம் எண்டு. விசர்க் கதை. இரத்தம் முட்டைக்கு, அதுவும் பொம்பிளை நுளம்புக்கு மட்டும். பறக்கிற பலம் சீனியில. பூத்தேன், பழச்சாறு, நாங்கள் பஞ்சில நனைச்சு வைக்கிற சீனித்தண்ணி. குடிச்சதை ஒரேயடியாச் செரிக்காது. அதுக்கெண்டு உள்ளுக்குத் தனிப் பை இருக்கு, அதில வைச்சுக் கொஞ்சங் கொஞ்சமா இறக்கும். மிஞ்சினதைக் கொழுப்பாச் சேத்துக்கொள்ளும். எங்களை விடப் புத்தி.

பஞ்சை எடுத்தா மூண்டு நாலு நாளில வலைக்கூடு முழுக்கச் செத்துக் கிடக்கும். விடாம வைச்சா ஒரு மாசமும் இருக்கும். அதில என்ன எண்டு கேக்கிறியளோ? டெங்குக்காரரைக் கடிச்சா, கிருமி நுளம்பின்ர வயித்துக்குள்ள போய் எச்சிலுக்கு வர எட்டுப் பத்து நாள் வேணும் சேர். அதுவரைக்கும் நுளம்பை உயிரோட வைச்சிருக்கிறது சீனி.

சொல்லுறன், சொல்லுறன். அவசரப்படாதேங்கோ.

போன மாசம் அங்க ஏசி பழுதாப் போச்சு. வெக்கையில செத்துப்போகும் எண்டு ஒரு நுளம்புக் கூட்டை ஆருக்கும் சொல்லாம வீட்டுக்குக் கொண்டு வந்தன். வேலியால போன ஓணானை மடியில கட்டின கதைதான். ஆனா சுத்தமான நுளம்பு, சத்தியமா ஒரு கிருமியும் இல்லை.

வந்த அண்டைக்கே எனக்குக் காய்ச்சல். தடிமன் காய்ச்சலாக்கும் எண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்தன். பஞ்சு மாத்தாம விட மட்டும் மனம் வரேல்லை, வாயில்லாச் சீவன். வெறுங்கையை உள்ளுக்கு விட்டுத்தான் மாத்தினனான். கடிச்சுதுகள். இத்தனை வருசமாக் கடிக்குதுகள், அதை ஆர் யோசிச்சது?

பன்னிரண்டு நாள், ஒருநாள் தவறாம வைச்சன். பதின்மூண்டாம் நாள் பாத்தா, கூட்டுக்குள்ள கை விடுற துணிக்குழாயின்ர முடிச்சு அவிண்டு கிடக்கு. உள்ளுக்கு நுளம்பு பாதிகூட இல்லை. அதுக்குப் பிறகுதான் பயம் பிடிச்சு இரத்தம் சோதிச்சனான். இந்தாங்கோ துண்டு, வாசியுங்கோ.

ஓம் சேர். டெங்கு.

என்னைப் பிறகு ஏசுங்கோ. முதல் புகை அடிக்கிற ஆக்களைக் கூப்பிடுங்கோ. கீழ்வீட்டில கைக்குழந்தை இருக்கு. சுத்திவர எல்லா பல்கனியிலயும் பூமரம், அதுகளுக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

ரபீக்காவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ. எனக்கு வாய் வரேல்லை. காய்ச்சலில கிடந்த நாள் முழுக்க அவதான் கஞ்சி காய்ச்சி, ஆதிபாவிட்டக் குடுத்துவிட்டவ. நேற்று மகளை உள்ளுக்கு விட்டிட்டு ஐசியூ வாசல்ல நிண்டுகொண்டு ஃபோன் எடுத்துக் கேக்கிறா சேர், அங்கிள், சாப்பிட்டீங்களா எண்டு.