பன்னிப் பாட்டு

– பேர் கேக்குது அக்கா. இந்தப் பாட்டுப் பொட்டிக்கு என்ன பேரு போடட்டும்?

– அதுக்கு எதுக்குப் பேரு? ஒக்கார வச்சுச் சோறா ஊட்டப் போறேன்?

– வீட்டுல எந்த ரூம்புல வைக்கிறீங்களோ அதைப் பேராப் போடுவாங்க. ஹாலு, அடுப்படி, அப்படி.

– எங்க வீடே ஒத்த ரூம்புதான் ஜோசுவா. அதுலதான் அடுப்பு, அதுலதான் பாயி. 'மகாராஜன் பொண்டாட்டி'ன்னு போடு.

– இந்தா ஜோதி, செல்போன் கடையில வந்து இப்படிப் பேசாத ஆத்தா. ஆசையாக் கொண்டாந்து குடுத்திருக்கேன். என் மக பெங்களூர்ல இருந்து வாங்கியாந்தது. வாயால சொன்னாப் போதும், பாடும். ராத்திரியில தனியாக் கெடக்கியேன்னுதான் குடுத்தேன்.

– புருசனைக் கொண்டுபோயிட்டுப் பொட்டியைக் கொண்டாந்திருக்கீக. நல்லாருக்கு மொதலாளி.

– நானா கொண்டுபோனேன்? யானை வெரட்டுச்சு, ஓடையில விழுந்து செத்தான். அதுக்கு இந்தத் தங்கபாண்டியன் என்ன பண்ணுவான்? தம்பி, நீ வெரசா முடி. மதியம் இவளைக் கூட்டிக்கிட்டு ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போகணும். ஏலக்காய் ஏலத்துல இன்னைக்கி என் சரக்கு வேற நிக்குது.

– ஃபாரஸ்ட் ஆபீசுல என்ன மொதலாளி?

– எவனோ மொட்டை மனு போட்டிருக்கான். மோட்டார் லைன்ல இருந்து வேலிக்குக் கரண்டு குடுத்தேனாம், அதுலதான் காவக்காரன் மகாராஜன் செத்தானாம். பொண்டாட்டிக்காரி வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா சோலி முடிஞ்சுது.

– என்ன வார்த்தை மொதலாளி? மறந்துபோச்சு.

– எத்தனை தடவை சொல்றது? யானை. யானை வெரட்டுச்சு.

– யானை. சரி. ஜோசுவா, இது எப்பப் பாடும்?

– பொட்டி வெறும் பொட்டிதான் அக்கா. பாட்டு வேற எடத்துல இருந்து வரணும். பாட்டுக் கம்பெனியில ஒரு கணக்கு இருக்கணும், அதை இதோட லிங்க் பண்ணணும். உங்க போன்ல ஆப்பு ஏத்திட்டேன். இருங்க, அதுக்கு மொதல்ல நெட்டு குடுக்கணும்.

– ஏய் பொட்டி! பாடுடீ! என்ன முழிக்கிற? பாடுன்னா பாடு!

– மொதலாளி, அது உங்க தோட்டத்து ஆளு இல்ல. அதட்டுனா வராது. இன்னும் கணக்கே சேக்கல.

– இங்கிலீசுல என்னமோ சொல்லுச்சே?

– புரியலையாம். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லுது.

– அதுக்காச்சும் அந்த வார்த்தை தெரிஞ்சிருக்கு.

– கணக்குப் புதுசாத் தொறக்கட்டா அக்கா?

– புதுசு எதுக்கு? அவரு கணக்கு இருக்கே. நீதான தொறந்து குடுத்த?

– நான்தான். இதே ஸ்டூல்ல ஒக்காந்திருந்தாரு. காசு கட்டுற பிளானுதான் வேணும்னாரு. ஏண்ணே, சும்மாவே கேக்கலாமேன்னேன். "அடப் போப்பா, நடுவுல நடுவுல விளம்பரம் வருது. அந்தப் பொம்பள சோப்பு வெலையைக் கொழைஞ்சு கொழைஞ்சு சொல்றா, பன்னிக்குப் பயம் விட்டுப்போகுது"ன்னாரு. வருசத்துக்குக் கட்டிட்டுப் போனாரு.

– தோட்டத்துல பன்னி வெரட்டுறதுக்குன்னே தனிப் பாட்டு வரிசை வச்சிருந்தாரு. தவிலு, உறுமி, கூப்பாடு. காவக்கொட்டாய்க்கு மேல ஸ்பீக்கரைக் கட்டி, போன்ல இருந்து விடுவாரு. நம்ம தெரு வரைக்கும் வரும்.

– அந்த எரைச்சலுக்கு நான் எத்தனை பேர்கிட்டப் பேச்சு வாங்கியிருப்பேன் தெரியுமா? அவனுக்காக வாங்கினேன்.

– ஆமா. சோளத்துக்கும் தென்னைக்கும், மேல மலையில ஏலக்காய்க்கும் ஒத்த ஆளு காவல். அதுல மிச்சமாகுற சம்பளத்துக்கு ஏச்சு வாங்குறது ஒரு கஷ்டமா உங்களுக்கு?

– தம்பி, பழைய கணக்கு வேணாம்ப்பா. செத்தவன் கணக்கைத் தோண்டக் கூடாது. புதுசாத் தொற, நான் கட்டுறேன்.

– அவரு கணக்கையே சேத்து விடு ஜோசுவா. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது.

– எனக்குத் தெரியும். 'பன்னிப்பயலே'. மறக்குற பாஸ்வேர்டா அது?

– த்தூ. அதை யாரைப் பாத்து வச்சாரோ.

– ஜோதி!

– வெளிய ஜீப்புல ஒக்காந்திருக்கானே தவசி, அவன் போட்டிருக்கிறது யாரு கோட்டு மொதலாளி?

– தோட்டத்துக் கோட்டு.

– எம் புருசன் கோட்டு. அதுல அவரு வேர்வை இன்னும் போகல. தேவாரத்துல இருந்து இங்க போடிக்கு வர்ற வரைக்கும் அந்த வாடை என் மூஞ்சியில அடிச்சுக்கிட்டே வந்துச்சு.

– என்னங்கறேன் நான்? காவக்காரன் மாறுவான், கோட்டு மாறாது. கோட்டு, டார்ச்சு, பூட்சு, போனு, எல்லாம் கொட்டாயைச் சேந்தது. எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். அன்னைக்கி மகாராஜன் காவல், மகாராஜனுக்குக் கோட்டு. இன்னைக்கித் தவசி காவல், தவசிக்குக் கோட்டு. இதுல என்ன தப்பு?

– அப்ப போனு?

– அதுதான் அவனோட ஓடையில போயிருச்சே. எனக்குத்தான் நட்டம். உன்கிட்டக் கேட்டேனா நான்?

– பெரிய மனசு.

– அக்கா, கொஞ்சம் பொறுங்க, சுத்திக்கிட்டே இருக்கு. நெட்டு மெதுவா இருக்கு.

– சுத்தட்டும். மொதலாளி, ஒண்ணு மட்டும் எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. பன்னிக்குப் பாட்டுப் போடுவாரு. யானை வந்தா நிப்பாட்டிருவாரு. சத்தம் வர்ற எடத்துக்கு யானை தேடிக்கிட்டு வரும்னு சொல்லுவாரு. பாட்டு நின்னுச்சுன்னா எங்க தெருவுல எல்லாரும் கதவைச் சாத்திருவோம். பாட்டு நின்னா யானை. கொழந்தைக்குக்கூடத் தெரியும்.

– சரி, அதுக்கு என்ன இப்ப?

– அன்னைக்கிப் பாட்டு நிக்கல. விடிய விடிய ஓடுச்சு. நான் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன்.

– அசந்து தூங்கியிருப்பான்.

– தூங்கிக்கிட்டேதான் யானைக்கு முன்னால ஓடுனாரா? போனு ஓடையில போயிருச்சு, பாட்டு மட்டும் கரையில நின்னு பாடுச்சா?

– வேற தோட்டத்துப் பாட்டு காத்துல வந்திருக்கும். எனக்கென்ன தெரியும்?

– உள்ளங்கை கருகியிருந்துச்சு.

– அடுப்புல சுட்டுக்கிட்டான்னு சொன்னேன்ல? கொட்டாயில காப்பி போடுவான்ல?

– நல்லாப் பாக்க விட்டீகளா? துணியைப் போட்டு மூடி, வெயில் ஏறுறதுக்குள்ள எரிச்சு முடிச்சீக. மாலைக்கும் நீங்களே காசு குடுத்தீக, வெறகுக்கும் நீங்களே. சாம்பலை அள்ளும்போதுகூட உங்க ஆளு நின்னுச்சு. இன்னைக்கும் சோத்துல கை வச்சா அந்தக் கருகல் வாடைதான் வருது எனக்கு.

– இங்க பாரு ஜோதி. நான் பொறுமையாப் பேசுறேன். நீ குடியிருக்கிற வீடு யாரு எடத்துல இருக்கு?

– வந்துட்டீகளா? காலையில இருந்து எப்பச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டிருந்தேன். இதுக்கா பெங்களூர்ப் பொட்டி? நேராவே சொல்லியிருக்கலாமே. யானைன்னு சொன்னா வீடு, சொல்லலைன்னா ரோடு.

– நீயா அர்த்தம் பண்ணிக்கிட்டா நான் என்ன பண்ண? தம்பி, ஆச்சா?

– சேந்துருச்சு. ஆனா...

– என்ன ஆனா?

– பாட்டு எதுல ஓடணும்னு கேக்குது. ரெண்டு காட்டுது. ஒண்ணு 'மகாராஜன் பொண்டாட்டி', இந்தப் பொட்டி. இன்னொண்ணு 'காவக்கொட்டாய்'.

– அது என்னது ஜோசுவா?

– அண்ணனோட போனு அக்கா. அந்தப் பேரு நான்தான் வச்சேன்.

– பழசு கெடக்கும். அழிச்சு விடு தம்பி.

– பழசுன்னா மங்கலாக் கெடக்கும் மொதலாளி. இது பச்சையா இருக்கு. அந்தப் போனு ஆன்ல இருக்குன்னு அர்த்தம். இன்னைக்கிக் காலையிலகூடப் பாட்டுக் கேட்டிருக்கு. சாமிப் பாட்டு.

– ஓடையில போன போனா?

– சிம்மை மாத்தியிருப்பாங்க அக்கா. பாட்டு ஆப்புல இருந்து அண்ணன் கணக்கை வெளியேத்தத் தெரியல போல. அப்படியே கேட்டுக்கிட்டு இருக்காங்க.

– மீன் புடிக்கிறவன் எவனாச்சும் எடுத்திருப்பான். இதுக்குப் போயி...

– அப்ப நல்லதுதான மொதலாளி? உங்க நட்டம் தீந்துச்சு. எவன்கிட்ட இருக்குன்னு பாத்துருவோம். ஜோசுவா, இங்க இருந்து அமுக்குனா அதுல பாடுமா?

– பாடும்.

– அமுக்கு.

– தம்பி. ஜோசுவா. இந்தக் கடைக் கட்டடம் யாருதுன்னு யோசிச்சியா?

– யோசிச்சேன் மொதலாளி, உங்க மச்சினருது. அக்காவுக்கு வீட்டைச் சொன்னீங்க, எனக்குக் கடையைச் சொல்றீங்க. இந்தப் போடியில நீங்க சொல்லிக்காட்டாத எடம் எங்கயாச்சும் இருந்தா, அங்க போயிக் காறித் துப்பிட்டு வரலாம்னு இருக்கு. என்ன பாட்டு அக்கா?

– பன்னிப் பாட்டு. சத்தம் முழுசா வை.

– போனைக் குடுறா இங்க!

– கையை எடுங்க மொதலாளி. அமுக்கியாச்சு.

– எங்க? எங்கடா பாடுது? ஒண்ணும் கேக்கல. சொன்னேன்ல, பழசுன்னு. ஆத்தா, கெளம்பு நீ, நேரமாச்சு.

– சும்மா இருங்க. தவிலு கேக்குது.

– பஸ் ஸ்டாண்டு பக்கம் எவன் வீட்டுக் கலியாணமோ...

– கலியாணத்துல இந்தக் கூப்பாடு போட மாட்டாங்க. இது எனக்குத் தெரிஞ்ச கூப்பாடு. வாசல்ல இருந்து வருது.

– அக்கா, ஜீப்புல இருந்து வருது.

– தவசி! வண்டியை எடுறா! எடுத்துட்டுப் போடா அங்கிட்டு!

– மொதலாளி! அய்யோ மொதலாளி, மகாராஜன் வந்துட்டான்! கெணத்துல போடச் சொன்னீகளே, கேட்டனா நான்? நல்ல போனாச்சேன்னு ஆசைப்பட்டு வச்சுக்கிட்டேனே! கரண்டு வேலியில கெடந்தவன் கையைப் பிரிச்சு இதை எடுத்தப்போ ஓடிக்கிட்டிருந்த அதே பாட்டு மொதலாளி, தானாப் பாடுது!