மூன்றாவது லைன்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. என் குரல் முன்போல் எழும்புவதில்லை. ஒரு காலத்தில் இந்தக் குரலைக் கேட்கவே போன் செய்தவர்கள் உண்டு. அந்த நாளில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். வேறு யாரோ செய்ததல்ல, நான் செய்தது.

எங்கள் அலுவலகத்துக்கு மூன்று லைன். என் மேஜையில் சுழற்றுகிற டயலும், லைனுக்கு ஒரு பொத்தானும் வைத்த கனமான போன். மணி அடிக்கிற லைனின் பொத்தானுக்குள் விளக்கு மினுக்கும். யாருக்கு என்று கேட்டு அவர் மேஜைக்குத் திருப்பிவிடுவேன்.

அங்கே ஒரு டைப்பிஸ்ட் பெண் இருந்தாள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவளை நான் குடியிருந்த அறையில் வைத்துக்கொண்டேன். காலையில் நான்தான் தலை வாரிவிட வேண்டும். அவள் அம்மா அடிக்கடி போனில் வருவாள், அழுதபடி. பிள்ளை மனசு கலங்கக் கூடாதே என்று, வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிடுவேன். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. “எங்கம்மா என்னைத் தலைமுழுகிட்டாங்கக்கா” என்பாள் பெண். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

அப்புறம் எல்லா மேஜைக்கும் பொத்தான் போன் மாட்ட டெக்னீஷியன் ஒருவர் வந்தார். மனிதர் நல்லவர். கம்பிகள் வந்து சேரும் பெட்டி படிக்கட்டுக்கு மேலே, கூரையை ஒட்டி இருந்தது. அவர் ஏணியில் நின்றால் கீழே மூன்று மாடிப் பள்ளம்.

“அக்கா, மூணாவது லைன் கம்பியை உரிச்சுக் கையில வச்சிருப்பேன். அதுல மணி அடிச்சுடக் கூடாது. அந்தக் கரண்டு கொல்லாது, ஆனா ஆளை உதறிவிட்டுடும்.”

“அது மேனேஜரோட சொந்த லைன் தம்பி. அவருக்கும் எனக்கும்தான் நம்பர் தெரியும். அவர் ஊர்ல இல்லை.”

“அப்ப என் உயிர் உங்க விரல்ல” என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

சற்று நேரத்தில் முதல் லைனில் அந்த அம்மா. “ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்கம்மா. ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்.” பெண் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தாள். “அவ வேலையை விட்டுப் போய் மூணு மாசம் ஆச்சும்மா” என்றேன்.

லைனைச் சோதிக்கிற போனை டெக்னீஷியன் அந்த நேரம் முதல் லைன் கம்பியில் மாட்டியிருந்திருக்கிறார்; நாங்கள் பேசியது முழுக்க அவர் காதில் விழுந்துவிட்டது. இறங்கி வந்தார்.

“நான் சொன்னா உங்களுக்கு அசிங்கம்க்கா. அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. மூணாவது லைன்ல இன்னும் ரெண்டே கம்பிதான். நான் முடிச்சு இறங்கும்போதும் அந்தப் பொண்ணு டைப் அடிச்சுட்டு இருந்தா, நானே சொல்லிடுவேன்.”

சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். என்னை அவ்வளவு நம்பினார்.

நான் இரண்டாவது லைனை எடுத்து மூன்றாவது லைனின் நம்பரைச் சுழற்றினேன். கடைசி எண் ஒன்பது. டயல் திரும்பி வருவதற்குள் வைத்துவிட நேரம் இருந்தது. வைக்கவில்லை. ஏணி சாய்கிற சத்தம் முதலில் கேட்டது. அவர் கத்தவில்லை.

பெண்தான் முதலில் ஓடினாள். “அக்கா, ஆம்புலன்ஸ்” என்று கீழேயிருந்து குரல் வந்தது. அதே சமயம் முதல் லைனில் ஒரு வாடிக்கையாளர். அழைத்தவரைக் காக்க வைப்பது மரியாதையில்லை. அவருக்கு விலைப்பட்டியல் முழுவதையும் வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்தபோது டெக்னீஷியனுக்கு மூச்சு நின்றிருந்தது. கால் தவறி விழுந்ததாகப் போலீஸார் எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்து வேறொருவர் வந்து மிச்ச போன்களை மாட்டினார். டைப்பிஸ்ட் மேஜைக்கும் ஒன்று வந்தது. அதற்குள் அந்த அம்மாவின் அழைப்பு நின்றுபோயிருந்தது.

பெண் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறாள். எனக்குக் கால் பிடித்துவிடுவாள். சில நாள் பேச்சுவாக்கில், “பெத்தவ ஒரு தடவைகூடக் கூப்பிடலையேக்கா” என்பாள். அவளுக்கு நான் இருக்கிறேனே.

நேரமாகிவிட்டது, எழுந்து போங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. அவளுக்கு நான் கிடைத்ததுபோல, உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒருத்தி கிடைக்கட்டும்.