கோட்டு நல்லா விழணும்

மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லாதீங்க தம்பி. படத்துல முதுகும் தோளும் விழுந்தாப் போதும். நாப்பத்திரெண்டு வருஷமா இந்த மூஞ்சியை நான்தான் சுமக்கிறேன், அதோட லட்சணம் எனக்குத் தெரியும். மாட்ரிட்ல நல்ல போட்டோக்காரர்னு பேர் வாங்கி வச்சிருக்கீங்க, அதை ஏன் கெடுத்துக்கணும்?

கோட்டா? கழட்ட மாட்டேன். கை முழங்கைகிட்ட ஏறுது, பொத்தான் போட்டா மூச்சு முட்டுது, தெரியுது. தொப்பையை எக்கிக்கிறேன், சீக்கிரம் முடிங்க. எட்டு எண்ணுற வரைக்கும் அசையக் கூடாதா? செத்தேன்.

ஆமாங்க, அமேசான் போய்ட்டு வந்த ஆள் நான்தான். பேப்பர்ல படிச்சீங்களா? அப்போ நீலத் தவளைக் கதையும் படிச்சிருப்பீங்க. சிரிங்க, பரவாயில்ல, மியூசியத்துக் காவக்காரனே சிரிக்கிறான். மூணு வருஷம் காட்டுல அலைஞ்சு, கொசுவுக்கு ரத்தம் குடுத்து, சாராய ஜாடியில போட்டு ஒரு நீலத் தவளை கொண்டாந்தேன். புது இனம்னு விஞ்ஞானிங்க சபையில முக்கால் மணி நேரம் வாசிச்சேன். பின் வரிசையிலேர்ந்து ஒரு கெழவர் எந்திரிச்சு, அது சாதாரணப் பச்சைத் தவளை, சாராயத்துல ஊறிச் சாயம் போய் நீலமாயிருக்குன்னுட்டார். பிடிச்ச அன்னிக்கு என்ன நிறம்னு சீட்டு எழுதி ஒட்டாத அறிவாளி நான். சீட்டு எழுதுறது ஃபெர்மின் வேலை. அவன் போனதுக்கப்புறம் பிடிச்ச தவளை அது.

ஃபெர்மின் லொபெய்ரா, எங்கூட வந்தவன். வடக்கே லூகோ ஊர்ப் பக்கம், ஆடு வளர்க்கிற குடும்பம். வேகுற காட்டுக்கு அவங்கம்மா கம்பளிக் கோட்டு தைச்சுக் குடுத்து அனுப்பியிருந்தாங்க. நான் அதைக் கிண்டல் பண்ணாத நாளில்ல. நாப்போ ஆத்துல போறப்போ எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து படகுல கிடந்து நடுங்கினப்போ, அதைத்தான் கழட்டி என்மேல போர்த்தி விட்டான். நான் எந்திரிச்சு உட்கார்ந்தேன். அவன் படுத்தான். அப்புறம் எந்திரிக்கவே இல்ல. கோட்டு என்கிட்டயே தங்கிடுச்சு.

அந்தத் திரையில ஏங்க சிங்கம் வரைஞ்சிருக்கீங்க? எங்க காட்டுல சிங்கமே கிடையாது. சரி, இருக்கட்டும் விடுங்க. அந்தம்மாவுக்குச் சிங்கம்னா சந்தோஷமாத்தான் இருக்கும்.

எந்தம்மாவா? தொப்பியை இன்னும் கொஞ்சம் எறக்கி விடுங்க, சொல்றேன். முழங்கையில இருக்கிற ஒட்டுத்துணி நல்லா விழணும். ஃபெர்மினோட அம்மா தன்னோட பழைய பாவாடையில வெட்டித் தைச்சாங்களாம், பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. போன மாசம் பாதிரியார்கிட்டச் சொல்லி எனக்கு லெட்டர் போட்டிருந்தாங்க. எம்புள்ளைய யாரும் படம் பிடிச்சதே இல்ல, அந்த ஊர்ல எடுத்தது ஒண்ணாவது இருக்கான்னு. இருக்கு, அனுப்புறேன்னு பதில் எழுதிட்டேன்.

எக்கிட்டேன். எடுங்க.

முடிஞ்சுதா? படத்து அட்டையில கீழ என் பேரைப் போட்டுடாதீங்க தம்பி. ஃபெர்மின் லொபெய்ரா, நாப்போ ஆத்தங்கரைன்னு எழுதுங்க. தப்பாச் சீட்டு ஒட்டுறது எனக்கு என்ன புதுசா?