டாக்டர் ரங்கசாமியின் முப்பத்தெட்டு சீட்டுகள்

எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, இன்னும் கண்ணாடி போடவில்லை. மாத்திரை அட்டையின் ஓரத்தில் பொடியாக அச்சடித்திருக்கும் தேதியைக்கூடப் படித்துவிடுவேன். ஆகவே கண்ணில் கோளாறு என்று நீங்கள் எழுத வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார்.

டாக்டர் ரங்கசாமியின் கிளினிக்குக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். ஒரு கோடு கிளம்பும், நடுவில் இரண்டு தடவை நெளியும், ஓரத்துக்குப் போய் நின்றுவிடும். ஆரணியில் மற்ற கடைக்காரர்கள் அதைப் பார்த்ததும் கையை விரித்து, "ஜெயவேலு கடைக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். டாக்டரும் சீட்டைக் கொடுத்துவிட்டு என் கடையைத்தான் கை காட்டுவார்.

முதல் நாள் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வந்தவர் பழனி என்ற நெசவாளர். சீட்டைப் பார்த்தபடியே, "என்னா பண்ணுது?" என்று கேட்டேன்.

"தறியில உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சுங்க."

இடுப்புக்குக் கொடுத்தேன். மறுவாரம் வந்து, "நல்லா கேக்குதுங்க" என்றார். அதன் பிறகு எல்லோரிடமும் அதையே கேட்டேன். சீட்டைச் சற்று உற்றுப் பார்ப்பேன், தலையசைப்பேன், எடுத்துக் கொடுப்பேன். பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில் டாக்டருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வலது கை மட்டும் நன்றாக இருந்தது. எழுத ஆரம்பித்தார்.

அவர் மனைவி ரேணுகாம்பாள் முதல் சீட்டை என் கடைக்குக் கொண்டுவந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் விலகி வழி விட்டார்கள். "நாப்பது வருசம் குடித்தனம் பண்ணியும் எனக்கு இது புரியல. நீதான் படிச்சு சொல்லணும்பா" என்றார்.

கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? "கஞ்சியில உப்பு ஜாஸ்தின்றாரு" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நல்ல காரியம் செய்தோம் என்று தோன்றியது.

பிறகு தினமும் வந்தார். ஃபேனைக் குறைக்கச் சொல்கிறார், பெரிய ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார், வெள்ளிக்கிழமை மீன் வேண்டாம் என்கிறார் என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். ஒருநாள் அந்த அம்மாள் கலங்கிப்போய் வந்தார்.

"நீ சொன்னத போயி சொன்னா, தலைய தலைய ஆட்டுறாரு. கண்ணுல தண்ணி வந்துகினே இருக்குது."

"சந்தோசம்தாம்மா. நாம எழுதுனத புரிஞ்சிக்கினாங்களேன்னு" என்றேன்.

அடுத்த வாரம் இடது கால் கறுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். என்ன செய்யலாம் என்று டாக்டரையே கேட்டு, அவர் எழுதியதை வாங்கி வந்திருந்தார். நான் வழக்கத்தைவிட அதிக நேரம் அதைப் பார்த்தேன். விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார் என்றேன். மகள் ஹேமலதா சென்னையிலிருந்து போன் செய்து வேலூருக்கு அழைத்துப் போகச் சொன்னபோது, அதற்கும் ஒரு சீட்டு வந்தது. எங்கேயும் வேண்டாம், இந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறார் என்று படித்தேன். வேலூருக்குப் போய்விட்டால் அங்கே அந்தச் சீட்டுகளை யார் படிப்பார்கள்? எனக்கு அந்தக் கவலையும் இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு வந்த ஹேமலதா, தன் செல்போனை அப்பாவின் கையில் கொடுத்து, "எழுத்தத் தொட்டு அடிங்கப்பா" என்றாளாம். அந்த யோசனை எனக்கு முதல் வாரமே வந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஒரு விரலால் 'கால். வேலூர்' என்று அடித்தார். அன்றே கொண்டுபோனார்கள். காலை எடுத்தார்கள். நான்காம் நாள் போய்விட்டார்.

இப்போது முப்பத்தெட்டு சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் ஒரே கோடு, ஒரே நெளிவு என்கிறீர்கள். ஆமாம் சார். மூன்றாம் நாளே நானும் கவனித்தேன். தினமும் அதே கஞ்சி உப்பைச் சொன்னால் அந்த அம்மாளுக்குச் சலித்துவிடும் என்றுதான் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

அவர் எழுத்தில் ஓர் எழுத்துக்கூட எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் தெரிந்ததில்லை. அவர் காலும் உயிரும் போனதற்கு நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள்.

வேலூரில் அவர் கடைசியாகப் போனில் அடித்ததை ஹேமலதா எனக்குக் காட்டினாள். 'ஜெயவேலுக்கு என் எழுத்து புரியாது. எனக்கு முதலிலிருந்தே தெரியும்.' அவள் அழுதுகொண்டே காட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது சார். தெரிந்தும் இத்தனை வருடம் அவ்வளவு பேரையும் என்னிடமே அனுப்பியிருக்கிறார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.