நீலக்கோடு முடியும் இடம்

— இஞ்சாருங்கோ, போதும். லைப்ரரி பூட்டப்போறாங்கள்.

— பொறும் யோகா. இதையும் ஒருக்காப் பாப்பம்.

— இருபது வருசமா ஒஸ்லோவிலை பஸ் ஓடுற மனுசனுக்கு ராசா காலத்து மேப் கேக்குதாக்கும்.

— நக்கல் அடிக்காதையும். இஞ்சை பாரும்... பழைய பட்டினம் எரிஞ்சாப்பிறகு புதுசாக் கட்டினது. கோட்டையை எவ்வளவு பெரிசாக் கீறியிருக்கிறான்!

— ராசா சம்பளம் குடுத்தால் பெரிசாத்தானே கீறுவான். சனம் எங்கை?

— சனமோ... இந்த ஓரத்திலை நாலு புள்ளி.

— நாங்கள் இருக்கிற பியோர்ண்டால்?

— படத்திலையே இல்லை. அப்ப வெறும் காடு.

— காடாவே விட்டிருக்கலாம்.

— அப்பிடிச் சொல்லாதையும், யோகா.

— சரி, சரி. அடுத்ததைக் காட்டுங்கோ.

— இது நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி. ஆத்தங்கரை முழுக்கப் பக்டரி. பாத்தீரே, ஆறு நேரை கடல்மட்டும் போகுது.

— ஆறு பின்னை எங்கை போகும்?

— இல்லையப்பா... இப்பத்தை மேப்பிலை நீலக்கோடு ரயில் ஸ்டேசனுக்கு மேலையே நிக்குது. அங்காலை நிலத்துக்குக் கீழை ஓடுதாம். கீறினவன் அதை விட்டிட்டான்.

— அதுக்கு இப்ப என்ன?

— எங்கடை பெடியன் ரிசாந் காணாமல் போய் ஒன்பது கிழமை. ஞாயிற்றுக்கிழமையளிலை ஒவ்வொரு தெருவாத் தேடி, தேடின தெருவை மேப்பிலை பேனையாலை வெட்டிக்கொண்டு வந்தனான். கோடு நிண்ட இடத்தோடை நானும் திரும்பியிட்டன், யோகா.

— விடுங்கோ...

— அவன்ரை போன் கடைசியா வேலை செய்ததும் அந்த ஆத்தங்கரையிலைதானே? இப்பவே பொலிசுக்கு அடிக்கிறன்.

— வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? நீரும் இந்தக் கிழமை முழுக்க ஒருமாதிரித்தான்...

— வீட்டை போய்க் கதைப்பம்.

— இல்லை, கேளும். உமக்கு ஒண்டு நான் சொல்லேல்லை. அண்டைக்கு என்னோடை சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவன்... திரும்பி வந்து பெல் அடிச்சவன். நான்தான் திறக்கேல்லை.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— மூண்டுதரம் அடிச்சவன். நானும் அறைக்குள்ளை கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்.

— யோகா...! அப்ப நீர் ஏன்...

— போனை வையுங்கோ. செவ்வாய்க்கிழமை, அந்த ஆறு கடலிலை விழுற இடத்திலை அவனை எடுத்திட்டாங்கள். உங்களுக்கு நானே சொல்லுறன் எண்டு பொலிசிட்டைக் கேட்டனான். நீங்கள் வேலையிலை நிண்டநேரம் தனியப் போய், எங்கடை பிள்ளைதான் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.