சதுப்பில் என் கழுத்தை இறுக்கிய துப்பாக்கி வார்

என் பெயர் தஹ்வோ கெம்ப்பைனென், தகப்பனார் பெயர் ஹெய்மோ, வயது எண்பத்து நான்கு, கைனூப் பகுதி, கோர்ப்பியார்வி ஏரிக்கரையில் குடியிருக்கிறேன். மரம் வெட்டிப் பிழைத்தவன். எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதுகிறார். நேற்று என் மருமகன் இல்போ கத்தியால் என் கழுத்தை அறுக்க முயன்றதாகப் பக்கத்துப் பண்ணை ஹில்யா புகார் கொடுத்து, அவன் காவலில் இருக்கிறான். நடந்தது பின்வருமாறு.

போன வாரம் என் துப்பாக்கியின் தோல் வார் இற்றுப்போனபடியால் இல்போவும் நானும் கடைக்குப் போனோம். பழையது மாதிரியே துளையும் கொக்கியும் வைத்த தோல் வார் கேட்டேன். இல்போ, முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் மாட்டுகிற, நடுவில் ஒரு நாக்கு தொங்குகிற நாடா வாரைக் கொண்டுவந்தான்.

"மாமா, தடிச்ச கோட்டு போட்டா நாக்க இழுங்க, வார் நீளும். இந்தப் பக்கம் இழுத்தா முதுகோட ஒட்டிக்கும்."

"இது துப்பாக்கிக்கா, கால்சட்டைக்காடா?" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்து, "அப்போ அந்தப் பழைய வார்லயே தொங்குங்க!" என்று கத்தினான். ஹில்யாவும் அங்கேதான் நின்றாள். அவன் அப்படிக் கத்தியதாக அவள் புகாரில் சொன்னது பொய்யில்லை. அதன் பிறகு இரண்டையும் தோளில் மாட்டிப் பார்த்து, தோல் வாரின் கொக்கியைக் கையுறையோடு கழற்ற முடியாததால், முணுமுணுத்துக்கொண்டே நாடா வாரையே வாங்கினேன்.

நேற்று மூஸ் மான் வேட்டைக்குப் போய், நெருப்பில் காப்பியும் தொத்திறைச்சியும் ஆன பிறகு, சதுப்பைக் கடந்து, மானுக்காகக் காத்திருக்கும் அடுத்த இடத்துக்கு நடந்தோம். எங்கள் வேட்டைக் குழு வழக்கப்படி குண்டுகளை முதலிலேயே எடுத்துவிட்டோம். துப்பாக்கியை முதுகில் குறுக்காகப் போட்டு வாரை இறுக்கியிருந்தேன். அந்தச் சதுப்பின் வடிகால்களை இரண்டு வருஷம் முன்பு அடைத்து மறுபடி நீர் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் குட்டைப் பைன் நிற்கிற இடம் தாங்கும் என்ற பழைய நினைப்பில் கால் வைத்தேன், மார்பு வரை உள்ளே போனேன்.

அதன் பிறகு துப்பாக்கிக் கட்டை அடியிலிருந்த வேரில் மாட்டிக்கொண்டது. நான் இறங்க இறங்க வார் மேலே ஏறித் தொண்டையை இறுக்கியது. சத்தம் வரவில்லை. இல்போ சேற்றில் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தான், இடுப்புக் கத்தியை உருவி வாருக்கும் கழுத்துக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தான். "ஆடாதீங்க மாமா, ஆடாதீங்க" என்றான். ஆடியது அவன் கை. குளிரில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன. என் கழுத்தில் உள்ள கீறல் அப்போது பட்டது. மறுகரையில் சதுப்புப் பெர்ரி பறித்துக்கொண்டிருந்த ஹில்யா பார்த்ததும் இதைத்தான். அவ்வளவு தூரத்தில் வார் தெரியாது, கத்திதான் தெரியும். நானாக இருந்தாலும் போலீஸைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். மறு கையால் மார்பைத் துழாவி அந்த நாக்கை ஒரே இழு இழுத்தேன். வார் சர்ரென்று நீண்டது. தலையும் தோளும் வாரிலிருந்து வெளியே வந்தன. அதன் பிறகு, வேரில் மாட்டியிருந்த துப்பாக்கியின் அதே வாரைக் கயிறு மாதிரி பிடித்து நான் ஏற, அவன் என் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தான்.

பேச்சு வந்ததும் "புது வாருடா, வெட்டப் பாத்தியே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் தொப்பியைப் பிழிந்து என் தலையில் வைத்துவிட்டு அழுதான்.

அதன் பிறகு வீட்டில் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் அடுப்பு மூட்டி, அவன் என் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது காவலர்கள் வந்து, துண்டோடு நின்றவனை உடை மாற்றச் சொல்லி அழைத்துப்போனார்கள். கழுத்தை அறுக்க வந்தவன் முதுகைத் தேய்ப்பானா என்று அப்போதே கேட்டேன்.

இல்போ மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவனை விடுவித்து, காவலர்கள் எடுத்துப்போன அவன் துப்பாக்கிகளையும் உரிமத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் மனைவி, என் மகள் ஐலா வெளியே வண்டியில் காத்திருக்கிறாள். அதிகாரி விடுவதாகச் சொல்லிவிட்டார். நேற்று முதல் இப்போதுதான் எனக்கு நன்றாக மூச்சு வருகிறது.

இதை அதிகாரி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. இல்போவுக்கும் படித்துக் காட்டலாம், வார் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி என்று வருகிற இடங்களைத் தவிர.

கையெழுத்துக்குப் பதிலாக, எங்கள் வீட்டுக் கோடாரிப் பிடிகளில் செதுக்கும் குடும்பக் குறியை இட்டிருக்கிறேன்.

(குறி) தஹ்வோ கெம்ப்பைனென்