பெரிய ஈ, சின்ன ஈ

இல்லண்ணே, தைக்கக் குடுக்க வரல. அக்காவை, உங்க வீட்டம்மாவைப் பாக்கத்தான். ஆறு மணி ஆகுமா வர? சரி, நீங்க மெஷினை நிறுத்தாதீங்க. அவங்க வர்றதுக்குள்ள உங்ககிட்டயாவது சொல்லிடறேன். அவங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் அடைச்சுக்கும்.

நான் தண்ணி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கறவன். அக்கா கீழ லேப்ல இருந்தாங்க, நான் மாடியில. என்னைப் பத்திச் சொல்லிருக்காங்களா? என்னன்னு? நல்ல பையன்னா... ம்.

லேப் மெஷின் இருக்குல்ல, எந்த டேங்க் தண்ணியில எத்தனை கிருமின்னு ஃபைல்ல எழுதித் தள்ளும். கூடவே தேதி, தெரு, கண்டதும் கிடக்கும். அதுலேர்ந்து எண்ணை மட்டும் பொறுக்க நான் ஒரு வரி எழுதினேன். ரெகெக்ஸ்னு பேரு. இந்த மாதிரி இருந்தா அது எண்ணு, எடுத்துக்கன்னு கம்ப்யூட்டருக்கு அடையாளம் சொல்றது, அவ்வளவுதான். சின்ன எண்ணு நாப்பது, எண்பதுன்னு நேரா வரும். பெரிசாப் போச்சுன்னா மெஷின் சுருக்கி எழுதும். ஒண்ணு புள்ளி ரெண்டு, ஈ, ப்ளஸ் அஞ்சு. பறக்குற ஈ இல்லண்ணே, இங்கிலீஷ் எழுத்து! பத்தால அஞ்சு தடவை பெருக்குன்னு அர்த்தம். லட்சத்து இருபதாயிரம்.

நான் சின்ன எழுத்து ஈக்குத்தான் வழி விட்டிருந்தேன். மெஷின் போட்டது பெரிய ஈ. அதைப் பாத்ததும் என் வரி அங்கயே நின்னுடுச்சு. ஒண்ணு புள்ளி ரெண்டை மட்டும் எடுத்துக்கிச்சு. புரியுதா? இருக்கறதுலயே நாறின தண்ணி, என் கணக்குல இருக்கறதுலயே சுத்தம்.

அக்காவுக்குத் தோணுச்சுண்ணே. ஏன் தம்பி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி டேங்க் இவ்வளவு சுத்தமா இருக்காதே, சரியாப் பாத்தியான்னாங்க. நாலு பேர் முன்னாடி, கண்ணாடிய மாத்துங்கக்கான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சுட்டு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாங்க.

மூணாவது வாரம் அந்தத் தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் ஆஸ்பத்திரியில. இல்லல்ல, யாரும் சாகல. ஒரு குழந்தைதான் மாசக்கணக்கா எந்திரிக்கல. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். வேற டேங்க் தண்ணிய பாட்டில்ல மாத்திப் புடிச்சுட்டாங்கன்னு அக்கா தலையில கட்டினாங்க. விசாரணை வெச்சாங்க, வேலை போச்சு.

தெரியாமப் பண்ணினதுதானேங்கறீங்க. அப்படிச் சொல்லாதீங்கண்ணே, கூசுது.

விசாரணை பதினொரு மணிக்கு. ஒன்பதரைக்கே நான் கண்டுபிடிச்சுட்டேன். பெரிய ஈயைச் சேர்த்தேன், ப்ளஸ்ஸைச் சேர்த்தேன், ஓட்டிப் பாத்தேன். லட்சத்து இருபதாயிரம்னு கரெக்டா வந்துச்சு. மூஞ்சியக் கழுவிக்கிட்டுப் போய் உக்காந்தேன். உங்க ப்ரோகிராம்ல தப்பு ஏதாவது இருக்கான்னாங்க. அக்கா எதிர்லதான். இல்லைங்கன்னேன்.

பொய் இல்ல பாருங்க. அந்த நேரத்துக்கு அதுல ஒரு தப்பும் இல்ல.